உலகம் அழிந்த பிறகும் ஒரு தாப்பாள்

ஆறாவது நாளும் மழை விடவில்லை. லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலை வெடித்திருக்கிறது, எல்லோரும் இறங்குங்கள் என்று கிராம சேவகர் வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, ராகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சனம் முழுவதும் பாடசாலை மண்டபத்தில்தான் கிடந்தது. எனக்குப் பத்து வயது. ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் உடம்பெல்லாம் அரிக்கும். பாய்களைத் தாண்டித் தாண்டி ஓடி எல்லோரிடமும் ஏச்சு வாங்கினேன். பொறுக்க முடியாமல் அம்மா ஒரு கொப்பியைக் கையில் திணித்து, எதையாவது எழுதித் தொலை என்றார்.

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதையை எழுதினேன். எல்லா மலையும் சரிந்துவிட்டது, எங்கள் மலை மட்டும் மிச்சம். துரை இல்லை, கணக்கப்பிள்ளை இல்லை. கவாத்து வெட்ட ஆளில்லாமல் தேயிலைச் செடியெல்லாம் மரமாகி லயத்துக் கூரையைத் தாண்டி நின்றது. அதனடியில் லயத்து அறை மாதிரி ஒரே ஒரு காம்பரா. அதில் யாரைக் குடிவைப்பது? எனக்குப் பிடித்த ஆள் அத்தைதான், அப்பாவின் தங்கை. அவருக்குத் துணையாகக் கீழ் லயத்து அக்காவைப் போட்டேன். இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவர்கள். வேலை விட்டதும் பேன் பார்க்கிறோம் என்று எங்கள் உள்ளறையில் தாப்பாள் போட்டுக்கொள்வார்கள். வீட்டிலேயே அதிகப் பேன் என் தலையில்தான். எனக்கு மட்டும் கதவு திறக்காது. வெளியே நின்று உதைப்பேன்.

காம்பராவை வரைந்து அத்தையிடம் காட்டினேன். கதவின்மேல் விரலை வைத்துச் சொன்னார்.

“கதவுக்கு உள்பக்கம் ஒரு தாப்பா போடு புள்ள.”

“ஒலகமே அழிஞ்சிருச்சி அத்த. யாரு வரப்போறா?”

“எதுக்கும் போட்டு வையி.”

பக்கத்தில் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அக்கா, “ரெண்டா போடச் சொல்லு” என்று சிரித்தார். இரண்டாகவே போட்டேன்.

மறுநாள் மத்தியானம் சோற்றுப் பார்சல் வரத் தாமதமாகிவிட்டது. பசியில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நான் மேசைமேல் ஏறிக் கதையை வாசித்தேன். தேயிலை மரமான இடத்தில், கொழுந்தெடுக்க ஏணி குடுப்பாங்களா என்று யாரோ கேட்க, மண்டபமே சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கதையில் மாசி பிறந்தது. காமன் கூத்து நடந்தாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் ரதி வேடம் கட்டுவதும் ஆண்கள்தான். என் கதையிலோ ஓர் ஆணும் மிஞ்சவில்லை. ஆகவே அத்தை ரதி, அக்கா மன்மதன்.

வருடா வருடம் சிவன் வேடம் கட்டி மன்மதனை எரிப்பவர் அப்பாதான். பாயில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே கேட்டார்.

“நானும் இல்லாட்டி மன்மதன எரிக்கிறது யாரு?”

“எரிக்கிறதுக்குத்தான் ஆளில்லியேப்பா. அவங்க ரெண்டு பேரும் உள்ள போயி தாப்பா போட்டுக்குவாங்க. அத்ததான் போடச் சொன்னாங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை எழுந்து மழைக்குள் போனார். அக்காவின் அம்மா அக்காவைக் கையைப் பிடித்து மண்டபத்தின் மறு கோடிக்கு இழுத்துப் போனார். அப்பா கொப்பியை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். இன்று அதை நினைத்தால் வெட்கத்தில் காது சுடுகிறது. அன்று வந்தது கோபம் மட்டும்தான், கதையின் முடிவை வாசிக்க விடவில்லையே என்று.

மழை விடுவதற்குள் அக்காவைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாங்கள் லயத்துக்குத் திரும்பிய அன்று, நனைந்த சாமான்களைக் கூட எடுத்து வைக்காமல், அப்பா சுத்தியலும் குறடும் எடுத்து உள்ளறைக் கதவின் தாப்பாளைப் பிடுங்கினார். அத்தை சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டுத்தான் அப்பா பழசைக் கழற்றுகிறார், புதிதாக இரண்டு தாப்பாள் போடப் போகிறார் என்று நினைத்தேன். பெருமை தாங்கவில்லை. தரையில் சிதறிய ஆணிகளை ஒன்று விடாமல் பொறுக்கி அப்பாவின் கையில் கொடுத்தேன்.