சுவரில் மாட்டியிருந்த பாவாடை

நனைந்த பட்டுக்கு ஒரு வாடை உண்டு. கொஞ்சம் பால், கொஞ்சம் மிருகம். எந்த வீட்டில் அது மூக்கில் பட்டாலும் இன்றும் என் கண் கொடியைத் தேடுகிறது.

ஐம்பதுகளின் கடைசி. அப்பா கோயில் குருக்கள். செங்கம் சாலையில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில், மலையடிவார ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்கார மாமி ஒருத்தி குடியிருந்தாள். ஊரிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த ஒரே அழகு, சுவரில் தொங்கிய சீனப் பட்டு. சிவப்புப் பூக்களுக்கு நடுவே வெள்ளைக் கொக்கு, எல்லாம் ஊசி வேலை. மிஷன் பள்ளி இங்கிலீஷை வைத்துக்கொண்டு கதை கேட்டேன். சீனத்துக் கல்யாணப்பெண் கட்டிய பாவாடையாம். இவள் தேசத்துப் பெரிய வீடுகளில் அந்த மாதிரிப் பாவாடைகளை வாங்கி, தையல் பிரித்து, பியானோவுக்குப் பின்னால் மாட்டுவார்களாம்; மிச்சத்தில் திண்டுக்கு உறை. கொள்ளுப்பாட்டி காலத்திலிருந்து இவர்கள் வீட்டுச் சுவரில் இருந்ததாம்.

கேட்டதை அம்மாவிடம் கொட்டினேன். கொட்டியிருக்கக் கூடாது. அந்தச் சுவருக்கு மறுபுறம் எங்கள் பூஜை அறை.

"பாவாடையா? என்னிக்கோ செத்துப்போனவ கட்டினதா?"

பட்டுக்குத் தீட்டில்லையே என்று நான் இழுத்தது அவள் காதில் ஏறவில்லை. மாமி மலை சுற்றப் போன காலையில், அம்மா கையால் தொடாமல் கொம்பால் அதை எடுத்து அண்டாத் தண்ணீரில் முக்கினாள். கொடியில் உலர்த்தும்போதுதான் பார்த்தோம். பூவின் சிவப்பு இறங்கி, கொக்கின் மார்பெல்லாம் குங்குமம் கரைத்தாற்போல. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீயே சொல்லிடுடி. எனக்கு அவ பாஷை வராது."

மாமி வெறுங்காலோடு நடப்பவள்; வரும் சத்தம்கூடக் கேட்காது. வாசலுக்கும் கொல்லைக்கும் எத்தனை நடை நடந்தேனோ. திரும்பிப் பார்த்தால் கொடியருகே நிற்கிறாள். குரங்கு இழுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டது என்றேன். அம்மாவின் புடவைக்குப் பக்கத்தில் சுருக்கமில்லாமல் விரித்திருந்த பட்டை அவள் வெகுநேரம் பார்த்தாள். சாயங்காலம் மடித்துப் பெட்டியில் வைத்தாள். சுவர் வெறிச்சென்று ஆனது. அம்மா அவளுக்கு அனுப்பிய காபியில் அன்று சர்க்கரை ஜாஸ்தி.

மாசியில் அவள் ஊர் திரும்பினாள். ஜட்காவில் ஏறியதும் என்னை அருகே கூப்பிட்டாள். கதவுக்குப் பின்னால் அம்மா. அதற்குள் எங்களிடம் கற்றிருந்த தமிழில் அவள் சொன்னதைக் கேட்டபோது, குரங்கில்லை என்று எப்படித் தெரிந்தது, அப்பாவிடம் சொல்லிவிட்டாளோ என்ற பயம்தான் எனக்கு. அதை ஏன் சிரித்துக்கொண்டு சொன்னாள் என்று அப்போது விளங்கவில்லை.

"நாலு தலைமுறையா நாங்க அதைப் பாத்துண்டே இருந்தோம். ஒரு பொண்ணு கட்டிண்டதுன்னு உன் அம்மாவுக்குத்தான் தோணித்து."