பட்டுப்புடவையில் வந்த சுங்க அதிகாரி

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பெங்களூரின் பழைய விமான நிலையத்தில் ஓர் ஏற்றுமதி ஏஜென்சிக்காக வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சரக்கு போக வேண்டுமென்றால், முந்தின நாளே ஓவர்டைம் கட்டணம் கட்டிச் சுங்க அதிகாரியை வரவழைக்க வேண்டும். ஒருமுறை ரோஜாப் பெட்டிகளுக்காக அப்படிக் கட்டினேன். எல்லோரும் பயப்படும் ஒரு மேடத்துக்கு அந்த டியூட்டி விழுந்தது.

அவர் பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக வந்து இறங்கினார். மல்லேஸ்வரத்தில் அன்று அவர் தம்பிக்கு நிச்சயதார்த்தமாம். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

“சாரி மேடம். ரெண்டு பெட்டி மட்டும் பாத்துட்டுக் கிளம்புங்க” என்றேன்.

“காசு கட்டிக் கூப்ட்டிருக்கீங்க. பாக்காம கையெழுத்துப் போடுவேனாம்மா?”

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். ஒன்றில் வேறு ஊரின் லேபிள் ஒட்டியிருந்தது. என் தவறுதான். சிரித்துக்கொண்டே மாற்றச் சொன்னார்.

வேலை முடிந்தபோது வெளியே ஒரு ஆட்டோகூட இல்லை. என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். மண்டபத்தில் அவருக்காகத் தட்டு மாற்றாமல் காத்திருந்தார்கள். நழுவப் பார்த்த என் கையைப் பிடித்து இழுத்துப் போய், “நம்ம தங்கி” என்று கன்னடத்தில் தன் தங்கையாகவே எல்லோரிடமும் அறிமுகப்படுத்தி, தன் பக்கத்திலேயே சாப்பிட உட்கார வைத்தார்.

மறுநாள் திங்கட்கிழமை, என் கையெழுத்து ஒன்று விட்டுப்போயிருக்கிறதென்று, அடுத்த சரக்குக்கான என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்.