லிஃப்ட்காரரின் பொடி எழுத்து

ஒருவர் நம்மேல் கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்து வீட்டு லைப்ரரி அம்மா ஒரு நாள் வேலிப் பக்கம் நின்று என்னிடம் இதைக் கேட்டார். "உர்ருனு இருந்தா கோபம்தான்" என்று ஏதோ சொல்லி வைத்தேன். அது எவ்வளவு தப்பான பதில் என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்கும் அவர் கணவருக்கும் நடந்ததை, அவர் வாயால் கேட்டபடியே எழுதுகிறேன்.

கணவரைத் தெருவில் எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால், கதவுக்கு வெளியே நின்று அவர்களுக்குப் பேச்சுக் கொடுத்தபடியே வேலை செய்வாராம். "உள்ள இருக்கிறவங்க சிரிச்சிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்பார். அவரும் சிரிப்பதில் கஞ்சத்தனம் காட்டாதவர். அவர் சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

அந்த அம்மாவுக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. ஒரு புத்தகம் இடம் மாறி இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்கு வாய்த்தது அந்த ஷெட்.

கார் இருந்த காலத்தில் அது கார் ஷெட். காரை விற்றுப் பத்து வருஷமாகிறது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம். மற்ற இடமெல்லாம் லிஃப்ட்காரரின் சாமான். பிஸ்கட் டின்னில் ஆணி, ஐஸ்கிரீம் டப்பாவில் வாஷர், பழைய சாக்ஸுக்குள் ஸ்பேனர், பெயிண்ட் வாளிக்குள் அறுந்த கேபிள். பாதி பிரித்துப் போட்ட மோட்டார் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கும். உள்ளே போக வேண்டுமென்றால் பக்கவாட்டில்தான் நடக்க முடியும்.

"எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்பார் அவர்.

"உங்களுக்குத் தெரியும், சுத்தியலுக்குத் தெரியுமா?" என்று அந்த அம்மா கேட்டது, தட்டின் விளிம்பில் இருந்த சுத்தியல் தன் கால்மேல் விழுந்த அன்றைக்கு. கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் ஒரு மாதம் நொண்டினார். அந்த ஒரு மாதத்தில் சட்டம் போட்டார். ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு. ஒவ்வொரு கருவிக்கும் சுவரில் ஒரு கொக்கி. பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய ஸ்டிக்கர்களைக் கேட்டு வாங்கி வந்தார்.

"நான் ஒட்டறேன், நீங்க எழுதுங்க. உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

"உத்தரவு, லைப்ரரி அம்மா."

வாசலை ஒட்டிய சுவரில் ஆரம்பித்தார்கள். அந்தச் சுவர் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகள் கொண்டாட்டமாகத்தான் போயின. அவர் டின்னைக் கவிழ்ப்பார், அம்மா ரகம் பிரிப்பார். துருப்பிடித்ததைத் தூக்கிப்போடுவதற்குள் நாலு சண்டை, நாலு சமாதானம். "இந்த போல்ட்டை வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்றால், "அதுவும் இதையேதான் கேக்குது" என்பார். பெயர்ச்சீட்டில் அவர் கொட்டை கொட்டையாக எழுதினார். வாசலில் நின்றே படிக்கலாம்.

இரண்டாவது சுவருக்கு வந்தபோது வேலை இழுக்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு செய்தால் இரண்டு ஞாயிறு கிடப்பில் போட்டார். எழுத்தும் சிறுத்தது.

"மை என்ன விலை விக்குதுன்னு இப்படிப் பொடி எழுத்தா எழுதறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. பழைய லிஃப்ட்காரராக இருந்தால் இதற்கு ஷெட்டே அதிர்ந்திருக்கும். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகம் வெறுமையாக இருந்தது.

மூன்றாவது சுவரில் பேச்சும் குறைந்தது. பேசினாலும் வாய்க்குள்ளேயே பேசினார். "என்ன?" "என்ன?" என்று இரண்டு தடவை கேட்டபிறகு அம்மாவுக்கும் அலுத்துப்போனது. தன் இடத்தில் கை வைத்தது பிடிக்கவில்லை, அதுதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு நாள் வாஷர் டப்பாவை அவர் கைதவறி விட்டபோது, இருநூறு வாஷரும் தரையெங்கும் ஓடின. வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் அம்மாவுக்குத் தோன்றியது.

"சொல்லிட்டுப் போங்களேன். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு வாயைத் திறந்து சொல்லிட்டுப் போங்களேன்! கல்லுளிமங்கன் மாதிரி நின்னா என்ன அர்த்தம்?"

"எனக்கு என்ன கோபம்" என்றார் அவர். ஏற்ற இறக்கமில்லாமல், சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல. அது குத்தலாகத்தான் அம்மாவின் காதில் விழுந்தது.

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அந்த வாரத்தில்தான்.

அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி ஆனது. அம்மா ஷெட் பக்கம் போவதை நிறுத்தினார். சாப்பாட்டு மேசையில் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது முள்மேல் உட்காருவதுபோல இருந்ததாம். முப்பத்து நாலு வருஷம் பார்த்த முகம். அதில் தன்னைப் பார்த்த சந்தோஷம் துளிகூட இல்லை. கடைசியில் ஒரு காலையில் பெட்டியைக் கட்டினார்.

"என்னைப் பார்க்கவே உங்களுக்குப் பிடிக்கலை. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வேணும்னா கூப்பிடுங்க."

அவர் வாசல்வரை வந்தார். ஏதோ சொன்னார். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அதே முகம்.

தங்கை வீட்டில் பத்தொன்பது நாள். போன் வந்தது, ஆனால் அதில் அவர் குரல் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் இரண்டு வார்த்தைக்கு மேல் புரியவில்லை. "அக்கா, மாமா பேசவே மாட்டேங்கறாரு" என்று தங்கை போனைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மாற்றுத்துணி எடுக்க அம்மா திரும்பி வந்தபோது வீட்டில் யாருமில்லை. லிஃப்ட்காரர் முடிவெட்டப் போயிருந்தார். அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கும்போது மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்று விழுந்தது. அதை முடுக்கப் பொடி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அதற்காகத்தான் ஷெட்டுக்குள் போனார்.

உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். நாலாவது சுவரும் முடிந்திருந்தது. தான் இல்லாத நாட்களில் லிஃப்ட்காரர் தனியாகவே கொக்கி அடித்து, தட்டு மாட்டி, டின்களை அடுக்கியிருந்தார். ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் தொங்கின. தரை கூட்டப்பட்டிருந்தது. கோபத்தில் இருப்பவர் இதையெல்லாம் செய்வாரா?

ஒற்றைக்காதில் தொங்கிய கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே நடந்தார். முதல் சுவரில் எழுத்து விரல் உயரம். இரண்டாவதில் பாதி. மூன்றாவதில், ஒரே சீட்டில் முதல் எழுத்து ஓரளவு பெரிதாக இருந்து, போகப்போகச் சுருங்கி, கடைசி எழுத்து எறும்பாகிவிட்டது. நாலாவது சுவரில் எதையுமே படிக்க முடியவில்லை. பேனா நடுங்கிய கோடுகள் மட்டும்.

எத்தனை பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்தவர் அந்த அம்மா. அவசரமாக எழுதியது எது, வேண்டாவெறுப்பாக எழுதியது எது என்று அவருக்குத் தெரியும். இது இரண்டுமில்லை.

கடைசித் தட்டில் சீட்டு ஒட்டாத டின் ஒன்று இருந்தது. திறந்தார். உள்ளே கசக்கிய ஸ்டிக்கர்கள். ஒவ்வொன்றாகப் பிரித்தார். எல்லாவற்றிலும் ஒரே வார்த்தைகள்: "இரண்டங்குல ஆணி". பதினாலு சீட்டு. ஒவ்வொன்றிலும் பெரிதாக ஆரம்பித்து, பாதிக்குள் சுருங்கிப்போயிருந்தது. பதினாலு தடவை முயன்றிருக்கிறார்.

அம்மா அப்படியே எண்ணெய்க் கறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

லிஃப்ட்காரர் வந்து வாசலில் நின்றது நிழல் விழுந்தபோதுதான் தெரிந்தது. ஒரு கை மட்டும் வீசி நடந்து வந்தார். இன்னொரு கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அது எத்தனை மாதமாக அப்படி இருக்கிறது?

"எதுக்குங்க இதை ஒளிச்சு வச்சீங்க?"

"ஸ்டிக்கரை வீணாக்கறேன்னு திட்டுவே."

"என்னங்க ஆச்சு உங்க கைக்கு?"

அவர் பக்கத்தில் வந்து, சிரமப்பட்டு மெல்லக் குனிந்து உட்கார்ந்தார். வாய்க்கு அருகில் காதைக் கொண்டுபோனால்தான் கேட்டது. "பெருசா எழுதணும்னுதான் ஆரம்பிக்கறேன். கை கேக்க மாட்டேங்குது."

"ஏன் சொல்லலை?"

"வயசாயிடுச்சு, அவ்ளோதான்னு நெனச்சேன். அதுவும் இல்லாம, நீ என்மேல கோபமா இருந்தே."

மறுநாளே டாக்டரிடம் போனார்கள். அவர் லிஃப்ட்காரரை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். கடைசியில் அம்மாவைப் பார்த்து, "சிரிக்கிறது குறைஞ்சிருக்காம்மா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினார்.

பார்க்கின்சன் என்றார் டாக்டர். எழுத்து சிறுப்பதும், குரல் தாழ்வதும், கை வீசாததும் அதோடு வரக்கூடியவைதான் என்றார். "முகத்துத் தசையும் இறுகிடும்மா. உள்ளே சந்தோஷம் இருக்கும். முகத்துக்கு வந்து சேராது."

"நான் சிரிச்சுட்டுதான் இருந்தேன்" என்றார் லிஃப்ட்காரர். "மை விலை கேட்டியே. அன்னிக்கு ரொம்ப சிரிச்சேன்."

மாத்திரை ஆரம்பித்தபிறகு நடை கொஞ்சம் தேறியது. எழுத்து அவ்வளவாகத் தேறவில்லை. இனி அவர் கையாள முடியாத மரம் இழைக்கும் மெஷினையும் ஏணியையும் விற்றுவிட்டார்கள். ஏணியை ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது, தெருமுனை திரும்பும்வரை லிஃப்ட்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றுமில்லை. அம்மா அதைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

நாலாவது சுவரின் சீட்டுகளை இப்போது அம்மாதான் எழுதுகிறார். அவர் சொல்லச் சொல்ல, காதை அவர் வாயருகே வைத்துக்கொண்டு. விஷயம் தெரிந்தபிறகும் அந்த முகத்துக்கு அவர் இன்னும் பழகவில்லை. காலையில் காபியைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் ஒரு கணம் தோன்றிவிடுகிறது: என்ன தப்பு செய்தேன்? அதற்கப்புறம்தான் ஞாபகம் வருகிறது. தங்கை வீட்டில் கழித்த அந்தப் பத்தொன்பது நாளையும், அதற்கு முந்தைய மாதங்களையும் திருப்பி வாங்க வழியில்லை என்று அம்மா சொல்கிறார். அந்த நாட்களில் முகத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு மிச்சம் இருந்திருக்கும் என்கிறார்.

அதனால் இப்போது கேட்டுவிடுகிறார். வெட்கப்படாமல், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. "கோபமா?" அவரும் ஒவ்வொரு தடவையும் "இல்ல" என்கிறார். போன வாரம் அம்மா அவருடைய நல்ல உளியால் பெயிண்ட் டப்பா மூடியை நெம்பினார். அன்றைக்கும் கேட்டார்.

"மூஞ்சியைப் பார்க்காதே" என்றார் லிஃப்ட்காரர், மூச்சை இழுத்து, முடிந்தவரை சத்தமாக. "இப்ப நெஜமாவே கோபமாத்தான் இருக்கேன்."

அம்மா சிரித்தார். அப்புறம் ஷெட்டுக் கதவைச் சாத்திவிட்டு அழுதார்.

எழுத்து சிறுத்தவர்கள் எல்லோருக்கும் நோய் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அம்மா வேலிப் பக்கம் நின்று கேட்டபோது, "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று யாரையாவது பற்றி யாராவது குறைப்பட்டுக்கொண்டால், தயவுசெய்து அவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.