மலையடியில் மிஞ்சிய ஒரு சோடிச் செருப்பு

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருடம் நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். நேர்த்திக்கடன் வைத்ததை வெளியில் சொன்னால் பலன் குறையுமோ என்ற பயம் ஒன்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து ஓடுமா என்ற கூச்சம் இன்னொன்று. போன மாதம் கோயிலில் ஒரு பெண், அது நாங்கள்தான் என்று தெரியாமல், எங்கள் கதையையே எனக்கு வேறு மாதிரிச் சொன்னாள். அதன் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு றாத்தல் பாண் வாங்கக்கூடக் கடையில் வரிசையில் நின்ற பஞ்ச காலம் அது. நாங்கள் நிலாவெளிப் பக்கம், வீட்டுக்காரருக்குக் கடல் தொழில். எங்கள் சின்ன மகள் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்து, முருகன் கிருபையால் எழும்பினாள். அதற்காக அவர் ஒரு நேர்த்தி வைத்தார். ஆடிக் கார்த்திகையன்று குச்சவெளி வீதியால் போய், மலைக்கோயிலுக்குப் பால் செம்போடு ஏற வேண்டும். வீட்டுப் படி இறங்கியது முதல் திரும்பி வந்து சாமி விளக்கு ஏற்றும் வரை ஒரு சொல்லும் பேசக் கூடாது.

அந்த மலை பெரிதல்ல, ஆனால் மொட்டைப் பாறை. முன்பு ஒவ்வொரு திருவிழாவிலும் யாராவது வழுக்கி விழுவார்களாம். அதனால் ஊரவர்கள் சிலர் சேர்ந்து ஒரு தொண்டர் சபை தொடங்கியிருந்தார்கள். துறைமுகத்தில் கழித்த கப்பல் கயிற்றைக் கேட்டு வாங்கி, கைபிடிக்கப் பாறை நெடுகக் கட்டியிருந்தார்கள். கால் சுடாமல் ஈரச் சாக்கு விரித்திருந்தார்கள். இதற்கு அப்பால் போகாதே என்று சுண்ணாம்பால் கோடும் போட்டிருந்தார்கள். அடிவாரத்தில் ஒரு செருப்புக் கொட்டில். ஏறுகிறவர்கள் எல்லோரும் செருப்பை அங்கேதான் விட வேண்டும். எல்லாச் செருப்பும் போய்க் கொட்டில் வெறுமையாகும் வரை சபைக்காரர் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. அது எனக்கு அப்போது தெரியாது. செருப்புக்கு இவ்வளவு காவலா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

நானும் வீட்டுக்காரரோடு ஏறினேன். பூசை முடிந்ததும் என்னை இறங்கச் சொல்லி அவர் கையைக் காட்டினார். ஆண்கள் வேகமாக இறங்கி எங்களை முந்திவிடுவார்கள், அவரும் பஸ்ஸுக்குப் போயிருப்பார் என்று நினைத்து, பெண்களோடு இறங்கி வந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பஸ்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் ஓடி ஏறப் போகும்போது, கொட்டிலில் காவல் இருந்த சபை அம்மா ஒருவர் ஒரு சோடிச் செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது ஆற்றை செருப்பு? ஆர் விட்டிட்டுப் போனது?"

வார் அறுந்த இடத்தில் வலை நூலால் தைத்திருந்தது. அவர் தைத்ததுதான்.

"எங்கட வீட்டுக்காரற்றை, அம்மா. நேர்த்தி எண்டு வெறுங்காலோடை பஸ்ஸிலை ஏறியிருப்பார்."

"ஏறியிருந்தால் நல்லது. உள்ளுக்கை போய்ப் பார்த்திட்டு வந்து சொல்லு பிள்ளை. அதுவரைக்கும் பஸ் போகாது."

பஸ்காரர் முணுமுணுத்தார். அந்த அம்மா பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் செருப்போடு நின்றுவிட்டார். நான் கடைசி ஆசனம் வரை பார்த்தேன். அவர் இல்லை. ஓடி இறங்கி அந்த அம்மாவிடம் சொன்னேன்.

உடனே சபைக்காரர் சிலர் மேலே ஏறினார்கள். நானும் பின்னாலே போனேன். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த பின்பக்கம் நின்று எல்லோரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். பதிலே இல்லை. முருகா, பிள்ளையைத் தந்துவிட்டு இவரை எடுத்துக்கொண்டாயா என்று வாய்விட்டு அழுதேன். அவர்களில் மூதூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அண்ணனும் இருந்தார், நானா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவருடைய லொறியில்தான் அந்தக் கயிறு வந்ததாம். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, அவருக்குக் காது கேக்கும்தானே?"

"காது நல்லாக் கேக்கும் நானா. ஆனால் இண்டைக்குக் கதைக்க மாட்டார். மௌன விரதம்."

"அட, அதை முதலே சொல்றதில்லையா! இவ்வளவு நேரமும் தொண்டை கிழியக் கத்துறம்!"

மற்றவர்கள் அந்த நேரத்திலும் சிரித்துவிட்டார்கள். நானா இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினார்.

"ஐயா! நீங்க வாய் திறக்க வேணாம்! உங்கட நேர்த்தி உங்களோட இருக்கட்டும்! செம்பில கல்லால தட்டுங்க!"

எல்லோரும் குனிந்து காதைக் கொடுத்தோம். காற்று மட்டும்தான் கேட்டது. பிறகு கீழே எங்கேயோ, டங்... டங்... என்று. கோயில் மணி கூட என் காதில் அப்படி இனித்ததில்லை.

பின்பக்கச் சுனையிலிருந்து மகளுக்குத் தீர்த்தம் கொண்டு வர ஆசைப்பட்டுக் கோட்டைத் தாண்டியிருக்கிறார். பாசியில் வழுக்கி ஒரு பாறை வெடிப்புக்குள் விழுந்து, கணுக்கால் பிரண்டு கிடந்தார். கயிறு இறக்கித் தூக்கினார்கள். தடியில் சாக்கைக் கட்டி, அதில் கிடத்திக் கொண்டு வந்தார்கள். வலியில் முகம் கோணியது, ஆனால் "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை. ஒருவரும் அவரைப் பேசச் சொல்லிக் கரைச்சல் கொடுக்கவும் இல்லை. எங்கே நோகிறது என்று கேட்டபோதும், தலையை ஆட்டினால் போதும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து, என் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று விளக்கை ஏற்றினார். கும்பிட்டார். பிறகு முதல் வார்த்தை பேசினார்.

"செருப்பை எடுத்தனியே?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிள்ளைகள் படுத்த பிறகு கேட்டேன், கூப்பிட்டது கேட்டும் ஏன் முதலே தட்டவில்லை என்று. பேசினால் பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்புமோ என்று பயந்தாராம். தட்டுவதும் பேச்சில் சேருமோ என்று சந்தேகமாக இருந்ததாம். வாய் திறக்க வேண்டாம், தட்டினால் போதும் என்று நானா சொன்னதும் மனம் ஆறிவிட்டதாம்.

அடுத்த ஆடியிலிருந்து அவரும் அந்தச் சபையில் ஒருவர். கயிறு பின்னுவது அவர் வேலை. செருப்புக் கொட்டிலில் அந்த அம்மாவோடு நான்.

கோயிலில் அந்தப் பெண் சொன்ன கதையில், மயில் ஒன்று பறந்து வந்து அவர் கிடந்த இடத்தைக் காட்டியதாம். முருகனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு மயில் வரவில்லை. வியர்வையோடு மனிதர்கள்தான் வந்தார்கள், அவர்களை அனுப்பியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் மயிலைச் சேர்க்காமல், செருப்பை விடாமல், நடந்தபடியே சொல்லுங்கள். ஒருவர் வீடு திரும்பவில்லை என்பதை அவருடைய செருப்பைப் பார்த்தே அறிந்துகொள்கிற மனம், அதுவே பெரிய அற்புதம் என்றுதான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.