யானை மேல் இரண்டாவது சிறுமி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்தில் நல்ல சாரல். நானும் அக்காவும் பழைய அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஆட்டோவுக்குக் காத்து நின்றோம். இருந்தது ஒரே குடை, அதுவும் சின்னது. நனையாமல் இருக்க அக்காவின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு ஒட்டிக்கொண்டேன். அப்போதுதான் அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்த ஒரு கதைப் புத்தகத்தில் வரும் படம் அது. ஒரு யானை ஓடையைக் கடந்துகொண்டிருக்கும். பின்னால் அருவி விழும். யானை மேல் பெரிய குடைக்குக் கீழே இரண்டு சிறுமிகள் இருப்பார்கள். முன்னால் இருப்பவளை இடுப்போடு சேர்த்துப் பின்னால் இருப்பவள் கட்டிப் பிடித்திருப்பாள். கீழ் மூலையில் ஒரு தவளை, சேம்பிலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அந்தப் படம் மாதிரியே நிற்கிறோம் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். ஆட்டோ வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

அக்கா என்றுதான் கூப்பிடுகிறேனே தவிர, அவள் என் தாய்மாமாவின் மகள். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது கீழப்பாவூரில் அம்மா இறந்துபோனாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். மாமா வந்து என்னைத் தோளில் போட்டுத் தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து மாமாவும் அத்தையும்தான் எனக்கு எல்லாம். தென்காசியில் மாமாவுக்குப் பாத்திரக் கடை. வாங்குகிற பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பதும் அவரேதான். கேட்காமலேயே பெயருக்குப் பக்கத்தில் ஒரு கிளியோ பூவோ செதுக்கி வைப்பார். இப்போது இருவரும் இல்லை. அக்கா கல்யாணமாகி இலஞ்சியில் இருக்கிறாள். நான் தென்காசியிலேயே ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன்.

அம்மாவின் முகம் எனக்குத் தெளிவாக ஞாபகம் இல்லை. மாமா வீட்டுக்கு வந்த முதல் நாட்களும் புகைமூட்டமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் படம் மட்டும் கோடு கோடாக மனசில் நின்றது. புத்தகம் எப்போதோ கரையானுக்குப் போய்விட்டது. எனக்கு விவரம் தெரிந்தபோதே அதற்கு அட்டை கிடையாது. பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது, படம் போட்டவரும் தெரியாது. எப்படியாவது அதை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு மழையில் நிற்கும்போது ஆசை வந்துவிட்டது.

அக்காவிடம் புத்தகத்தின் பெயரைக் கேட்டால் மறந்துபோச்சு என்றாள். அது அவள் பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய புத்தகம். பரிசு வாங்கிய புத்தகத்தின் பெயர் எப்படி மறக்கும் என்று கேட்டேன். “எதுக்கு ட்டி இப்பம் போயி அதத் தேடுத? அதெல்லாம் எங்க கெடைக்கப் போவுது” என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

நான் விடவில்லை. பழைய பேப்பர் கடைகளில் கேட்டேன். நூலகத்தில் சிறுவர் பகுதியில் உட்கார்ந்து புரட்டினேன். கடைசியில் பழைய சிறுவர் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிற ஒரு முகநூல் குழுவில் படத்தை விவரித்து எழுதிப் போட்டேன். பலரும் அக்கறையாகப் பதில் போட்டார்கள். சர்க்கஸ் யானை வந்தது, பந்து மேல் நிற்கிற யானை வந்தது, கல்யாண ஊர்வல யானைகூட வந்தது. என் யானை மட்டும் வரவில்லை. இரண்டு சிறுமிகள் யானைமேல் போகிற படத்தைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு மாசம் கழித்துக் கடையத்திலிருந்து ஒரு அம்மா எழுதினார்கள். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். மாடு பார்க்கப் போகிற வீடுகளில் பரணில் கிடக்கிற பாலர் புத்தகங்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்தவர்களாம். தன்னிடம் யானை ஓடையைக் கடக்கிற படம் ஒன்று இருக்கிறது, பின்னால் அருவியும் இருக்கிறது, ஆனால் யானை மேல் ஒரு சிறுமிதான் இருக்கிறாள் என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம், மூலையில் ஒரு தவளை சேம்பிலை பிடித்திருக்கும், அதுவா பாருங்கள் என்றும் கேட்டிருந்தார்கள். நான் எங்குமே தவளையைப் பற்றி எழுதியிருக்கவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினேன். அக்காவையும் கூப்பிட்டேன். முதலில் முழங்கால் வலிக்கிறது என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, வருகிறேன் என்று இலஞ்சியிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னாலேயே நின்றாள். வழியெல்லாம் அவள் பேசவே இல்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, துணியில் சுற்றி வைத்திருந்த புத்தகத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார்கள்.

குனிந்து பார்த்தேன். அதே யானை, அதே வளைந்த தும்பிக்கை. அருவி விழுகிற இடத்தில் அதே மூன்று பாறைகள். தவளையும் அப்படியே இருந்தது. குடையின் ஓரத்தில் தொங்குகிற குஞ்சத்தைக்கூட எனக்கு அடையாளம் தெரிந்தது. ஆனால் குடைக்குக் கீழே ஒருத்திதான் இருந்தாள். அவளுக்குப் பின்னால் யானையின் முதுகு வெறுமையாக இருந்தது.

வேறு பதிப்பில் இரண்டு பேர் இருந்திருப்பார்களோ என்று கேட்டேன். அந்த அம்மா எழுந்து போய் இன்னொரு பிரதியைக் கொண்டுவந்தார்கள். அது பிற்பாடு அச்சடித்தது. அதிலும் ஒருத்திதான். பிறகு என்னிடம், நீங்கள் சொல்கிற இரண்டாவது பிள்ளை என்ன நிறத்தில் பாவாடை கட்டியிருந்தாள் என்று கேட்டார்கள்.

நீலம் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர்கள் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்கள். “இந்தப் புத்தகத்துல நீலமே கிடையாதும்மா. கறுப்பு, சிவப்பு, ரெண்டே மைதான். நீங்களே புரட்டிப் பாருங்க.”

புரட்டினேன். ஆறு, வானம், மயில், எல்லாம் கறுப்பும் சிவப்பும்தான். எங்கேயும் ஒரு பொட்டு நீலம் இல்லை. அப்படியானால் நான் பார்த்தது என்ன? இத்தனை வருஷமாக இல்லாத ஒன்றையா மனசில் வைத்துக்கொண்டிருந்தேன்? அம்மாவின் முகம்தான் இல்லை, இதுவும் பொய்யா? அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அது அப்பா வரைஞ்சது ட்டி” என்றாள். அவளுக்கு அப்பா, எனக்கு மாமா.

அக்கா மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்த புதிதில் யாரிடமும் பேசமாட்டேனாம், சாப்பிடவும் மாட்டேனாம். அந்தப் புத்தகத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனாம். ஒருநாள் யானைமேல் இருக்கிற பிள்ளையைத் தொட்டு, இது அக்கா என்றேனாம். அத்தைக்குச் சந்தோஷம், பிள்ளை வாய் திறந்துவிட்டது என்று. அடுத்ததாக, நான் எங்கே என்று கேட்டேனாம்.

“நீ எங்கன இருக்கன்னு தேடித் தேடிப் பாத்த. யாருக்கும் பதில் சொல்லத் தெரியல. அம்மா உள்ள போயி அழுதா. நாந்தான் அப்பாட்ட, அவளையும் ஏத்தி விடுங்கப்பான்னு சொன்னேன். பரிசு வாங்குன புக்கு, கெட்டுப் போயிருமேன்னாவ. பரவால்ல, வரைங்கன்னுட்டேன்.”

அன்றைக்கு மத்தியானம் நான் தூங்கும்போது மாமா கடையிலிருந்த நீல மைப் பேனாவை எடுத்துவந்து வரைந்திருக்கிறார். தூங்கி எழுந்ததும் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார்களாம். நான் பார்த்துவிட்டு, பிறகு அத்தை ஊட்டிய சோற்றைச் சாப்பிட்டேனாம். இதை ஒருநாளும் என்னிடம் சொல்லக் கூடாது என்று அத்தை அக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். புத்தகம் கிடைத்துவிடக் கூடாது என்றுதான் அக்கா பெயரைச் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

அந்த அம்மா இரண்டாவது பிரதியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். மறுத்தும் கேட்கவில்லை. தன்னிடம் ஒன்று இருந்தால் போதும், இது உங்கள் வீட்டில் இருக்க வேண்டியது என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முதலில் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கதையில் இல்லாதவள், அச்சில் இல்லாதவள் என்று மனசு குடைந்தது. பாவூர்சத்திரம் தாண்டும்போது இன்னொன்று தோன்றியது. மாமா என்னைக் கரையில் எங்காவது வரைந்திருக்கலாம். தவளைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கலாம். அது சுலபம். அவர் யானைமேல், அதே குடைக்குக் கீழே உட்காரவைத்திருக்கிறார். விழுந்துவிடாமல் இருக்க அக்காவையும் பிடித்துக்கொள்ள வைத்திருக்கிறார். ஒன்பது வயசுப் பிள்ளை, தான் வாங்கிய ஒரே பரிசில் பேனா வைக்கச் சொல்லியிருக்கிறாள். ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அக்காவின் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை.

புத்தகம் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அக்கா மகள் பார்த்துவிட்டு, நீலப் பேனாவால் திரும்ப வரைந்துவிடலாமே சித்தி என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். மாமாவின் கை போட்ட கோட்டை வேறு யார் போட முடியும்?

நான் வெளியிலிருந்து வந்தவள் என்பது எனக்கு எப்போதும் தெரியும். ஆனால் அத்தனை தடவை பார்த்தும், அந்தப் படத்தில் நான் பிற்பாடு சேர்க்கப்பட்டவள் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அந்த வீட்டில் வாழ்ந்த வருஷங்களிலும் அப்படித்தான், ஒரு நாளும் தோன்றியதில்லை.