குளியலறையில் ஒரு நீலக் கல்

என் தம்பிக்கு வேலையிடத்தில் ரசமட்டம் என்று பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கச் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி ஓடுமே, அந்தக் கருவியின் பெயரைத்தான் இவனுக்கு வைத்துவிட்டார்கள். டைல்ஸ் போடுகிற மற்றவர்கள் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். இவன் வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அந்த மூலையில நூல் அளவு தூக்கி இருக்கு" என்பான். வைத்துப் பார்த்தால் தூக்கித்தான் இருக்கும். அதற்காகப் பெரிய மேதாவி என்று நினைத்துவிட வேண்டாம். கடைக்கு அனுப்பினால் சொத்தைக் கத்தரிக்காயாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வருவான். பேச்சும் வராது. சின்ன வயதில் அவனுக்கும் சேர்த்து நான்தான் பேசினேன், அவனுக்கும் சேர்த்து நான்தான் சண்டை போட்டேன். இன்றைக்கும் அதே பிழைப்புதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்குக் கர்வம் உண்டு. தரை போட்டு முடித்ததும் கம்பை எடுத்து ஒவ்வொரு கல்லாகத் தட்டுவான். அடியில் சிமெண்ட் சரியாகப் பிடிக்காத கல் டொப்பென்று சொல்லிவிடும். இவன் போட்ட கல் எதுவும் அப்படிச் சொன்னது கிடையாது. "என் தரையில காலிச் சத்தம் வராது" என்பான். அவன் வாயிலிருந்து வந்த பெரிய வசனம் அதுதான்.

அவன் பெண்டாட்டி ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். மாதச் சம்பளக்காரி என்பதால் வீட்டை அவள் பெயரிலேயே வாங்கினார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்லவள்தான். நான் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டவள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம், எனக்கு இருப்பதுபோல. அவர்களுக்கு ஒரே மகள், எட்டு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு.

ஊருக்கெல்லாம் தரை போடுகிறவன் வீட்டுக் குளியலறை வெடித்த சிமெண்டாகக் கிடந்தது. "ஊரான் வீட்டுத் தரையில முகம் பாக்கலாம், நம்ம வீட்டுல வழுக்கி விழுந்து முகத்தைப் பேத்துக்கலாம்" என்று அவன் பெண்டாட்டி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். கடைசியில் வாலு வழுக்கி விழுந்து தாடையில் தையல் போட வேண்டி வந்த பிறகுதான் இவனுக்கு உறைத்தது. வேலை செய்த இடங்களில் மிஞ்சிய கற்களைக் கொண்டுவந்து உட்கார்ந்தான். எல்லாம் வெள்ளை, ஒன்று மட்டும் நீலம். அது எங்கே வர வேண்டும் என்று வாலுதான் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? ஈரக் கலவையில் தன் கையை அழுத்திப் பதித்துவிட்டு, "அப்பா, இது என் கை. இது மேல சிமெண்டு கொட்டாதீங்க. அம்மாகிட்டயும் சொல்லாதீங்க" என்றாளாம். முன்பு ஒரு தடவை வாலு சிமெண்டைத் தொட்டுக் கை வெந்துபோனதிலிருந்து அம்மாவின் உத்தரவு அப்படி, சிமெண்ட் பக்கமே போகக் கூடாது. மகள் சொல்லிவிட்டால் இவனுக்கு வேத வாக்கு. பதித்த கை காயும்வரை காத்திருந்து, நீலக் கல்லின் நான்கு ஓரத்தில் மட்டும் சிமெண்ட் தடவி மேலே மூடிவிட்டான். இதெல்லாம் பின்னால் அவனே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெண்டாட்டிக்குக் காது கூர்மை. "என்னங்க, இந்த நீலக் கல்லு மட்டும் கால் வச்சா டொப்புங்குது?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணுமில்ல" என்றிருக்கிறான் இந்த மடையன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போன வாலு வீடு திரும்பவில்லை.

சேதி கேட்டு நானும் ஓடினேன். நாங்கள் தேடாத இடம் இல்லை. இருட்டுகிற வரைக்கும் தெருத்தெருவாக அலைந்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனோம். மறுநாள் காலையில் போலீஸ் வீட்டுக்குள் வந்தது. வந்தது என்றால் வந்து போவது இல்லை. வீட்டையே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் மூன்று பேரையும் முன்னறையில் உட்கார வைத்து, செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, "எதையும் தொடாதீங்க" என்றார்கள். ஜன்னலைத் திறக்கக் கேட்க வேண்டும். மாற்றுத் துணியைக்கூட உள்ளே போய் எடுக்க முடியாது, ஒரு காவலர் அலமாரியிலிருந்து எடுத்து உதறிப் பார்த்துக் கொடுத்தார். வாலுவின் தலையணையைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினார்கள். குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனோம், கூடவே ஒரு காவலர் வந்து வெளியே நின்றார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் பேசக் கூடாதாம். துக்கத்தில் இருக்கிறவர்கள் தங்களுக்குள் பேசாமல் சுவரோடா பேசுவார்கள்? கேட்டேன். "ஒத்துழைங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

விசாரணைக்கு ஒவ்வொருவராகப் படுக்கையறைக்குள் கூப்பிட்டார். அவர்கள் கட்டிலில் ஷூ காலோடு அவர் உட்கார்ந்திருந்தார், நான் நின்றேன்.

"உங்க தம்பிக்குக் கோபம் வருமா?"

"அவனுக்கு வராதுங்க. எனக்குத்தான் வரும். இப்பகூட வந்துக்கிட்டிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "குழந்தை தாடையில தையல் எப்படி வந்துச்சு?" என்றார். விழுந்தாள் என்றேன். "விழுந்ததை நீங்க பாத்தீங்களா?" என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவர்கள் பிள்ளையை வெளியே தேடவில்லை, வீட்டுக்குள் தேடுகிறார்கள்.

ஒரு போலீஸ்காரம்மாவை என் தம்பி பெண்டாட்டிக்குத் துணையாக விட்டிருந்தார்கள். சின்ன வயது, சிரித்த முகம். சமையலறையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். டீ போடுகிற சாக்கில் நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "அழாதீங்கக்கா. என்னை உங்க தங்கச்சியா நினைச்சுக்கங்க. வீட்டுல சமீபத்துல ஏதாவது மாறுச்சா?" தங்கச்சி கேட்டால் அக்கா சொல்லத்தானே செய்வாள்? புதுத் தரையைச் சொன்னாள். நீலக் கல்லைச் சொன்னாள். தான் கேட்டதையும் புருஷன் ஒண்ணுமில்ல என்றதையும் சொன்னாள். அவ்வளவும் அடுத்த நிமிஷம் இன்ஸ்பெக்டர் காதுக்குப் போய்விட்டது.

தம்பியோடு வேலை செய்கிறவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூட்டாளியைத் தூக்கிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அந்த அப்பாவி, "இவர் போட்ட தரையில காலிச் சத்தமே வராதுங்க சார்" என்று மார்தட்டிச் சொன்னார்.

எல்லோரையும் குளியலறை வாசலுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு காவலர் லத்தியின் நுனியால் கல் கல்லாகத் தட்டிக்கொண்டு வந்தார். நீலக் கல் டொப்பென்றது.

"இது மட்டும் ஏன்யா இப்படி?" அதுவரை நீங்க, வாங்க என்றிருந்தவர் இன்ஸ்பெக்டர்.

தம்பி தன் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு, "அது பாப்பா கை வச்ச இடம் சார்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "நானே எடுத்துக் காட்டறேன் சார், நீங்க உடைச்சா அழிஞ்சிடும்" என்று கெஞ்சி, ஓரத்தில் மெல்லிய உளியை விட்டு நெம்பினான். கல் பட்டென்று வந்துவிட்டது.

கை இருந்தது. ஐந்து விரலையும் விரித்து வைத்த சின்னக் கை. வாலுவுக்குச் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும், அதுகூட அப்படியே பதிந்திருந்தது.

"பாத்துக்கிட்டீங்களா சார்? அவ்வளவுதான். மூடிடறேன்."

"கைக்குக் கீழ என்ன இருக்கு?"

"மண்ணு சார். பைப்பு."

"தோண்டினாத்தானே தெரியும்."

தம்பி குந்தி உட்கார்ந்து அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து மூடிக்கொண்டான். "வேண்டாம் சார். அவ வர்ற வரைக்கும் என்கிட்ட இருக்கற கை இதுதான். சுத்தி இருக்கற கல்லு அத்தனையும் உடைங்க, இதை விட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "கோர்ட் உத்தரவு வாங்கிட்டு வந்து உடைக்கலாம், நாளாகும். வீட்டுக்காரங்க சம்மதிச்சா இப்பவே முடிஞ்சிடும். வீடு அம்மா பேர்லதானே?" என்று அவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு" என்றான் தம்பி அவளிடம். "உன்கிட்ட மறைச்சது தப்புதான். திட்டு, நாலு அறைகூட விடு. ஆனா வேண்டாம்னு சொல்லிடு."

அவள் அந்தச் சின்னக் கையைப் பார்த்தாள். அதை மூடியிருந்த, சிமெண்டில் வெடித்துப்போன அவன் விரல்களைப் பார்த்தாள். போலீஸ்காரம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லைன்னுதானே என்கிட்ட சொன்னீங்க" என்றாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். "தோண்டுங்க சார்."

"அடிப் பாவி!" என்று நான் கத்தினேன். "யாரைப் பாத்துடீ சந்தேகப்படறே?" என்னை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். தம்பியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். உள்ளே தரையை உடைக்கிற இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது, இவன் கண்ணை மூடவில்லை, காதைப் பொத்தவில்லை. குழாயை உடைத்துவிட்டார்கள் போல, தண்ணீர் கலங்கலாக முன்னறை வரைக்கும் வந்து எங்கள் காலை நனைத்தது. உள்ளே மண்தான் இருந்தது. இடுப்பளவு தோண்டியும் மண்தான் இருந்தது.

மறுநாள் காலையில் வாலு கிடைத்துவிட்டாள்.

வீடு மாற்றிப் போன சிநேகிதியைப் பார்க்க வேண்டும் என்று மகாராணி தனியாகப் பஸ் ஏறியிருக்கிறாள். ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு ஏறியதால் நடத்துநர் கேட்கவில்லை. இறங்கிய ஊரில் வழி தெரியாமல் அழ, யாரோ குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் அடி விழும் என்ற பயத்தில் தன் பெயருக்குப் பதில் சிநேகிதி பெயரைச் சொல்லிவைத்திருக்கிறாள் கழுதை. காணவில்லை என்று சுவரில் ஒட்டியிருந்த அவள் படத்தைப் பார்த்துத்தான் அங்கிருந்த வார்டன் கண்டுபிடித்திருக்கிறார்.

போலீஸ் எவ்வளவு வேகமாகப் போனது என்கிறீர்கள்! வரும்போது ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்த்தவர்கள், போகும்போது குடித்த டம்ளரைக்கூட ஓரமாக வைக்கவில்லை. "எங்க கடமையைச் செஞ்சோம்" என்றார் இன்ஸ்பெக்டர். தங்கச்சி போலீஸ் அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமலே ஜீப்பில் ஏறிவிட்டாள்.

பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்பும்போது அவன் பெண்டாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "மன்னிச்சிடுங்க. பிள்ளையைக் காணோம்னா பெத்தவளுக்கு என்னதான் தோணாது?"

"எல்லாம்தான் தோணும்" என்றான். "எனக்கும் தோணுச்சு. ஆத்துல விழுந்திருப்பாளோ, லாரியில அடிபட்டிருப்பாளோன்னு ஆயிரம் தோணுச்சு. நீ ஏதாவது செஞ்சிருப்பேன்னு மட்டும் தோணவே இல்லையே."

அவள் கையை எடுத்துவிட்டாள்.

வாலு வந்ததும் வராததுமாகக் குளியலறைக்கு ஓடினாள். "என் கை எங்கப்பா? யாரு உடைச்சது?"

அவள் அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் இவன், "பைப்பு ஒழுகுச்சும்மா, உடைக்க வேண்டியதாயிடுச்சு" என்றான்.

"பரவாயில்ல. வேற கை வச்சிக்கலாம்" என்று அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான். கலவை மட்டும் குழைக்கவில்லை.

தரை போட வந்தது அந்தக் கூட்டாளி. "உங்க வீட்டுத் தரைக்கு நானாண்ணே?" என்று கூச்சத்தோடு நின்றார். தம்பி பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். அவரும் தெரிந்தவரைக்கும் நன்றாகத்தான் போட்டார். இரண்டு கல் மட்டும் டொப்பென்கிறது.

வீட்டில் அவர்களுக்குள் சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அவள் சாப்பாடு போடுகிறாள், அவன் சாப்பிடுகிறான். முன்னறையில்தான் படுக்கிறான். போன வாரம் நான் போயிருந்தபோது அவள் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "அண்ணி, அந்த ரெண்டு கல்லை மட்டும் அவரையே சரி பண்ணச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. முன்னறைக்கு வந்து அவனிடம் கேட்டேன்.

"ஏன்டா, நீயே அதைப் பெயர்த்துப் போட்டா என்ன?"

"நான் போட்டா, கீழ என்ன இருக்குன்னு பாக்கணும்னு தோணும்க்கா அவளுக்கு" என்றான். "சத்தம் வந்தா வந்துட்டுப் போகட்டும்."