அரிசி டின்னுக்குள் சர்க்கரை

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சேலத்தை விட்டு ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைக்குக் குடிவந்ததும் வீட்டை விட்டு முதலில் விரட்டியது வெள்ளைச் சர்க்கரையை. அது விஷமாம். அதுவரை மூன்று வேளையும் அந்த விஷத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தவர்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் கருப்பட்டிக் காப்பியும் ஒரு பிரசங்கமும் கட்டாயம். காப்பியை மட்டும் குடித்துவிட்டுத் தப்பியவர் எவரும் இல்லை.

அந்த வீட்டில்தான் நான் தேனீ வளர்க்கக் கிளம்பினேன். காப்பிச் செடிகளின் ஓரத்தில் இரண்டு பெட்டி. பயிற்சி வகுப்பில் தெளிவாகத்தான் சொன்னார்கள். மழைக்காலத்தில் பூ இருக்காது. பெட்டியில் தேன் குறைந்தால் வெள்ளைச் சர்க்கரையைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, ஆறியதும் கொட்டாங்குச்சியில் ஊற்றி, பூச்சி மூழ்காமல் நிற்க நாலு குச்சி போட்டு, பொழுது சாய்ந்தபின் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வெளியே சிந்தினால் எறும்பு வரும், பக்கத்துப் பெட்டிப் பூச்சியும் கொள்ளையடிக்க வரும். வெல்லம், கருப்பட்டி கூடவே கூடாது, பூச்சிக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். இவரும் என் கூடத்தான் உட்கார்ந்திருந்தார். கடைசி விஷயத்தைச் சொன்னபோது, பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கருப்பட்டியின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழை பிடித்தது. நான் கிளியூரில் தங்கை வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, ஒரு பெட்டிக்குக் கருப்பட்டிப் பாகு ஊற்றிவிட்டார். திரும்பி வந்தால் பெட்டி வாசலெல்லாம் பழுப்புத் திட்டு, அடியில் செத்த பூச்சிகள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“ஏனுங்க, பூச்சிக்குமா டயட்டு?”

“உள்ள இருக்கற விஷம் வெளியேறுது புள்ள. மொதல்ல அப்படித்தான் இருக்கும்.”

வெளியேறியது உயிர்தான். சில நாளில் அந்தப் பெட்டி காலி.

மிச்சம் ஒன்றே ஒன்று. மழையைத் தாண்டிவிட்டால் அது பங்குனியில் காப்பிப் பூவைப் பார்த்துவிடும். தங்கையிடம் சர்க்கரை வாங்கிவந்து அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். என் வீட்டில் நானே திருடி மாதிரி, அவர் வாக்கிங் போகும் நேரம் பார்த்துப் பாகு கரைத்தேன். பெட்டி தேறியது. தன் கருப்பட்டியின் வாசம் பட்டதால்தான் தேறியது என்று ஊரெல்லாம் சொன்னார்.

மழை விடவில்லை, சர்க்கரை தீர்ந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் கையில் கனமே இல்லை. உள்ளே தேன் இல்லை என்று அர்த்தம். ரோட்டில் மரம் விழுந்து பஸ்ஸும் வரவில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லி, ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னேன். உறுமிக்கொண்டே ஏற்காட்டு மளிகைக்கடை வரை வந்தார். வண்டியைத் தள்ளியே நிறுத்தினார்.

“நீயே போய் வாங்கிக்க. அந்த விஷத்த நான் கையால தொட மாட்டேன்.”

கடைக்காரரிடம் இரண்டு கிலோ சர்க்கரை கேட்டேன். தராசில் கொட்டிவிட்டு அவர் மரியாதையாகக் கேட்டார்:

“ஏனுங்க, சார் எப்பவும் வாங்கற மாதிரி நியூஸ் பேப்பர்ல சுத்தித் தரட்டுங்களா?”

“வேண்டாங்க,” என்றேன். “இது பூச்சிக்குங்க. ஒளிக்க வேண்டியதில்ல.”

பேப்பர் சுற்றாத சர்க்கரைப் பையை அவர் கண்ணெதிரே ஸ்கூட்டரின் முன்கொக்கியில் மாட்டினேன். கடைக்காரர் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் பாகை அவரே கரைத்தார். ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்து, “இனிப்பு பத்தல புள்ள, பாவம், பூச்சி எளச்சுப் போயிரும்” என்றார்.